இரண்டு பிஷப்புகளின் நகரை ஒன்றாக்கிய லூயிஸ் மத்தியாஸ்

மாகிம் புனித மைக்கேல் கோவிலுக்கு ஒரு புதன்கிழமையாவது போகாத தாராவித் தமிழர் குறைவு. இந்து, கிறிஸ்தவர் என்ற வேற்றுமை அங்கே பார்ப்பதில்லை. 1948-ல் ஆரம்பமான அந்த நவநாள் ஜெபத்துக்குக் கல்யாணிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் ரயில் ஏறி வருகிற குடும்பங்கள் உண்டு.

அதே மாகிம் கோவிலில் 1853-ம் ஆண்டில் ஒரு முற்றுகை நடந்தது. பம்பாயில் அப்போது இருந்த பிஷப் ஹார்ட்மன் கோவிலுக்குள் அமர்ந்து கதவை அடைத்துக்கொண்டார். வெளியே எதிர்த்தரப்பினர் சூழ்ந்து நின்றார்கள். பல நாட்கள் இந்த நிலை நீடித்தது. முடிவில் ஆங்கில அரசாங்கம் தலையிட்டு, கோவிலை எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்தது. உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே மதத்தார், ஒரே கத்தோலிக்க சபையார், ஒரே போப்பாண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்தத் தகராறு பம்பாயோடு நின்றுவிடவில்லை. சென்னையிலும் இருந்தது. முத்துக்குளித்துறையிலும் மதுரைச் சீமையிலும் இருந்தது. சென்னையில் அது முழுதாகத் தீர 1952-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே இரண்டாக இருந்ததை ஒன்றாக்கி, புதிய உயர் மறைமாவட்டத்தின் முதல் ஆர்ச்பிஷப்பாக அமர்ந்தவர் லூயிஸ் மத்தியாஸ் என்ற பிரெஞ்சுக்காரர்.

சண்டைக்குக் காரணம்

வாஸ்கோட காமாவின் காலத்தை ஒட்டி, கீழ்நாடுகளில் சபையை நிலைநாட்டும் பொறுப்பை ரோமாபுரி போர்ச்சுகல் அரசரிடம் கொடுத்திருந்தது. கோவில் கட்டுவதும், குருக்களுக்குப் படி அளப்பதும் அரசர் செலவு. அதற்குப் பதிலாக, பிஷப்பாக யாரை நியமிப்பது என்று பெயர் சொல்லும் உரிமை அரசருக்கு. இதற்குப் 'பதுருவாதோ' என்று பெயர். அந்த உரிமையின்கீழ் 1606-ல் மயிலாப்பூருக்கு ஒரு மறைமாவட்டம் ஏற்பட்டது. நம் ஊர்ப் பெரியவர்கள் மேற்றிராசனம் என்று சொல்வது இதைத்தான். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை என்று போற்றப்படும் சாந்தோம் கோவில் அதற்குத் தலைமைக் கோவில். அதன் எல்லை சோழமண்டலக் கரையில் தொடங்கி வங்காளத்தையும் தாண்டிப் போயிற்று.

இத்தனை பெரிய நிலப்பரப்பைக் கவனிக்கப் போர்ச்சுகலால் முடியவில்லை. ஆளும் போதவில்லை, பணமும் போதவில்லை. பிஷப் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடிப்போன காலமும் உண்டு. ரோமாபுரி 1622-ல் தன் நேர்ப் பார்வையில் ஒரு தனி அலுவலகத்தை ஏற்படுத்தி, அதன் வழியாகப் பிற நாட்டுக் குருக்களை அனுப்பத் தொடங்கியது. இதற்குப் 'புரொபகாந்தா' என்று பெயர். அப்படித்தான் 1642-ல் சென்னைக் கோட்டையில் பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி எப்ராயீம் பணியைத் தொடங்கினார். ஆங்கிலேயர் அவரை ஆதரித்தார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கோ அவர் கண்ணில் விழுந்த தூசி. 1649-ல் அவரைப் பிடித்துக் கப்பலேற்றிக் கோவாவுக்கு அனுப்பி, அங்கே மத விசாரணைச் சிறையில் அடைத்தார்கள். அவர் சென்னைக்குத் திரும்ப ஆண்டுகள் ஆயின.

அன்று மூண்ட பகை முந்நூறு ஆண்டுகள் புகைந்துகொண்டிருந்தது. 1838-ல் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர், கொச்சி போன்ற இடங்களில் பதுருவாதோ அதிகாரம் செல்லாது என்று ஆணையிட்டார். கோவாக் குருக்கள் அதை ஏற்கவில்லை. ஊர்கள் கட்சிகட்டின. கோவாச் சாமியார் கட்சி ஒன்று, ரோமாபுரிச் சாமியார் கட்சி ஒன்று. இந்தச் சாமியாருக்கு அதிகாரம் இல்லை என்றால் அவர் நடத்தி வைத்த கலியாணம் செல்லுமா, அவர் கொடுத்த பாவமன்னிப்பு செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. படித்தவர்களுக்கு இது சட்டச் சிக்கல். தாலி கட்டிய பெண்ணுக்கும் அவள் பெற்ற பிள்ளைக்கும் அது மானப் பிரச்சினை அல்லவா!

1886-ல் ஒரு சமரசம் வந்தது. மயிலாப்பூர் மறைமாவட்டம் மறுபடி உயிர் பெற்றது. அதே ஆண்டில் சென்னையும் ஓர் உயர் மறைமாவட்டமாக, அதாவது ஆர்ச்பிஷப்பின் ஊராக உயர்ந்தது. ஆகவே ஒரே நகரத்தில் இரண்டு தலைமைக் கோவில்கள் நின்றன. சாந்தோமில் போர்ச்சுகல் சிபாரிசு செய்த பிஷப். பாரிமுனைப் பக்கம் ஆர்மீனியன் தெருவில், ரோமாபுரி நேராக அனுப்பிய ஆர்ச்பிஷப். செவ்வாய்க்கிழமை தோறும் மக்கள் அந்தோனியாரைத் தேடிப் போகிறார்களே, அந்த ஆர்மீனியன் தெருக் கோவில்தான் அன்று ஆர்ச்பிஷப்பின் கோவில். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டருக்கு மேல் இராது.

சமரசத்தில் சண்டை தணிந்ததே தவிர, குழப்பம் தீரவில்லை. மயிலாப்பூரின் பங்குகள் தஞ்சைச் சீமையிலும், திருச்சி, மதுரைப் பக்கங்களிலும், கல்கத்தா, டாக்கா பக்கத்திலும்கூடத் துண்டு துண்டாகக் கிடந்தன. வேளாங்கண்ணி மாதா கோவிலும் அப்போது மயிலாப்பூர் பிஷப்பின்கீழ்தான் இருந்தது என்பதை இன்று பலர் அறியமாட்டார்கள்.

பாரிஸில் பிறந்தவர்

லூயிஸ் மத்தியாஸ் 1887 ஜூலை 20-ம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தவர். டான் போஸ்கோ என்ற இத்தாலியக் குரு ஏழைப் பிள்ளைகளுக்காக நிறுவிய சலேசிய சபையில் சேர்ந்தார். மாட்டுங்காவில் டான் போஸ்கோ பள்ளியை நடத்துகிறார்களே, அந்தச் சபைதான். 1913-ல் குருப்பட்டம் பெற்றார்.

அவரை இந்தியாவுக்கு இழுத்து வந்தது முதல் உலகப் போர் என்றே சொல்லலாம். அசாம் மலைப்பகுதியில் அதுவரை பணியாற்றியவர்கள் ஜெர்மானியக் குருக்கள். போர் மூண்டதும் பகை நாட்டவர் என்று அவர்களை அரசாங்கம் வெளியேற்றிவிட்டது. காலியான அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு சலேசிய சபைக்கு வந்தது. மத்தியாஸ் தலைமையில் 11 பேர் கொண்ட முதல் குழு 1922 ஜனவரியில் ஷில்லாங் போய்ச் சேர்ந்தது. தலைவருக்கு வயது 34.

அந்நாளில் ஷில்லாங்தான் அசாம் மாகாணத்தின் தலைநகர். தலைநகர் என்று பெயர்தான். ரயில் கிடையாது. கௌகாத்தியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 100 கிலோமீட்டர் ஏற வேண்டும். இன்று வரைக்கும் ஷில்லாங்குக்கு ரயில் போகவில்லை என்றால், அன்றைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். காசி, காரோ, நாகர் என்று மலைக்கு ஒரு மக்கள், அவர்களுக்குத் தனித்தனி மொழிகள். அடை மழைக்குப் பேர்போன சிரபுஞ்சி பக்கத்தில்தான்.

அங்கே அவர் தொழிற்பள்ளிக்கு முதலிடம் கொடுத்தார். தச்சு, அச்சு, தையல் என்று கைத்தொழில் கற்றுக் கொடுப்பது சலேசியருக்கு வழக்கமான பாதை. ஷில்லாங்கில் புனித அந்தோனியார் கல்லூரி 1934-ல் உருவாயிற்று. அதே ஆண்டில் ஷில்லாங் ஒரு மறைமாவட்டமாக உயர்ந்தது. மத்தியாஸ் அதன் முதல் பிஷப் ஆனார். துணிவும் நம்பிக்கையும் என்ற பொருளில் இரண்டே சொற்களைத் தம் பிஷப் சின்னத்தில் பொறித்துக்கொண்டார். கையில் காசு சேர்ந்த பிறகு கட்டடத்தைத் தொடங்குகிற ரகம் அல்ல அவர். தொடங்கிவிட்டுக் காசைத் தேடுகிற ரகம்.

சென்னைக்கு மாற்றம்

ஷில்லாங்கில் பிஷப்பாகி ஓர் ஆண்டு நிறையவில்லை, 1935-ல் சென்னைக்கு ஆர்ச்பிஷப்பாக மாற்றினார்கள். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த மெதர்லே என்பவரும் சலேசியரே. தஞ்சாவூரில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். 1934 டிசம்பரில் காலமாகியிருந்தார்.

சென்னை அப்போது பெரிய மாகாணத்தின் தலைநகர். மலையிலிருந்து இறங்கி வந்தவர் வந்த வேகத்திலேயே வேலையைத் தொடங்கினார். 1936-ல் பூந்தமல்லியில் குருமடத்தை நிறுவினார். அவர் சென்னையில் செய்த காரியங்களில் இதற்கே முதலிடம் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்த நிலைமையை மாற்ற, தமிழ்ப் பையன்களைக் குருக்களாகப் பயிற்றுவிக்கும் வீடு அது. பிற்காலத்தில் பதுருவாதோக் குரு, புரொபகாந்தாக் குரு என்ற பாகுபாடு ஒழிந்ததற்கு, ரோமாபுரி ஆணை பாதிக் காரணம் என்றால், அப்படிப் பயின்று வந்த தமிழ்க் குருக்கள் மீதிக் காரணம். இரண்டு பழைய வீட்டுச் சண்டையையும் சுமக்காதவர்கள் அவர்கள்.

1937-ல் சென்னையில் தேசிய நற்கருணை மாநாட்டை நடத்தினார். அதே ஆண்டில் சாந்தோமுக்குப் புதிய போர்ச்சுகீசிய பிஷப் மனுவேல் மெதேய்ரோஸ் கெரெய்ரோ நியமிக்கப்பட்டார். அடுத்த பதினான்கு ஆண்டுகளும் சென்னை நகரில் இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பழைய கதை திரும்பியது. இத்தாலியும் ஜெர்மனியும் பகை நாடுகள் ஆனதால், அந்நாட்டுக் குருக்கள் பலரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. சலேசியரில் இத்தாலியர் மிகுதி. மத்தியாஸ் பிரெஞ்சுக்காரர் ஆனபடியால் வெளியே இருந்தார். ஆள் குறைந்த நேரத்தில் உள்ளூர்க் குருக்களின் அருமை எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

1944 செப்டம்பரில் இந்தியாவின் ஆர்ச்பிஷப்புகள் சென்னையில் கூடினார்கள். இந்தியக் கத்தோலிக்க பிஷப்புகளின் பேரவை அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள், சுதந்திரம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது நல்ல சகுனம்.

1950 ஒப்பந்தம்

1947-ல் நாடு விடுதலை பெற்றது. சுதந்திர இந்தியாவின் ஒரு நகரத்தில் பிஷப் நியமிக்க லிஸ்பனில் உள்ள அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும் என்பது எப்படிப் பொருந்தும்? 1950 ஜூலை 18-ம் தேதி ரோமாபுரிக்கும் போர்ச்சுகலுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மயிலாப்பூர், கொச்சி, மங்களூர், கொல்லம், திருச்சி ஆகிய இடங்களில் தனக்கிருந்த உரிமையைப் போர்ச்சுகல் விட்டுக்கொடுத்தது. பம்பாய்க்கும் அந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டு.

பம்பாய்க் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் போவது சரியல்ல. இங்கே ஒரு பாதி டாமன் மறைமாவட்டம், மறுபாதி பம்பாய் உயர் மறைமாவட்டம் என்று இருந்ததை 1928-லேயே ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு முறை போர்ச்சுகீசியர் ஆர்ச்பிஷப் ஆனால், அடுத்த முறை ஆங்கிலேயர் ஆக வேண்டும். இந்தியருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை! அந்த முறைப்படி 1937-ல் வந்த ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் நேர்மையானவர். இந்தியர் ஒருவர் இந்த இடத்துக்கு வர வேண்டும் என்று, 1946-ல் வலேரியன் கிராசியாஸை துணை பிஷப்பாக வைத்துப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போய்விட்டார். 1950-ல் கிராசியாஸ் ஆர்ச்பிஷப் ஆனார். 1953-ல் இந்தியாவின் முதல் கார்டினலும் ஆனார்.

சென்னையில் மத்தியாஸ் அப்படி விலகவில்லை. வயது அறுபதைத் தாண்டியும் பதவியில் இருந்தார். இந்த ஒரு விஷயத்தில் பம்பாய் முந்திக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு ஊர்களின் நிலைமையும் ஒன்றல்ல. பம்பாயில் இணைப்பு நடந்து இருபது ஆண்டு கழிந்திருந்தது. சென்னையில் அந்த வேலை இனிமேல்தான். 1951-ல் கெரெய்ரோ ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் நம்புலாவுக்கு மாறிப் போனார். சாந்தோமின் கடைசிப் போர்ச்சுகீசிய பிஷப் அவரே.

வெட்டி ஒட்டிய வேலை

1952 நவம்பர் 13-ம் தேதி போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸின் ஆணை வெளியாயிற்று. வெறுமனே இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் கட்டிவிடவில்லை. முதலில் வெட்டினார்கள், பிறகு ஒட்டினார்கள். மயிலாப்பூரிலிருந்து தஞ்சைப் பகுதியைப் பிரித்துத் தஞ்சாவூர் மறைமாவட்டம் ஆக்கினார்கள். வேளாங்கண்ணி அதோடு போயிற்று. சென்னையிலிருந்து வட ஆர்க்காட்டுப் பகுதியைப் பிரித்து வேலூர் மறைமாவட்டம் ஆக்கினார்கள். மிச்சம் இருந்த சென்னையையும் மயிலாப்பூரையும் இணைத்து, சென்னை-மயிலாப்பூர் என்ற புதிய உயர் மறைமாவட்டத்தை அமைத்தார்கள். மத்தியாஸ் அதற்கு முதல் ஆர்ச்பிஷப்.

காகிதத்தில் இவ்வளவுதான். மனத்தாங்கல் எழக்கூடிய இடம் வேறு. இரண்டு வீடு ஒன்றானால் எந்த வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றுவது? மயிலாப்பூருக்கு 346 ஆண்டுப் பழமை, தோமையார் கல்லறை, போர்ச்சுகல் அரசர்களின் பெருமை. சென்னைக்கு ஆர்ச்பிஷப் பதவி. பதவி பெரிய பக்கம் சின்னப் பக்கத்தை விழுங்கிவிட்டது என்ற பேச்சு வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்தது ஓர் ஏற்பாடு. தலைமைக் கோவில் ஆர்மீனியன் தெருவில் இல்லை, சாந்தோமில் என்று முடிவாயிற்று. மத்தியாஸ் பதினேழு ஆண்டுகளாக அமர்ந்திருந்த ஆர்மீனியன் தெருக் கோவில் இணைத் தலைமைக் கோவில் என்ற இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. பதவி சென்னையிலிருந்து வந்தது, பீடம் மயிலாப்பூரில் இருந்தது. பெயரிலும் இரண்டு ஊரும் நின்றன. பிரிந்து கிடந்த பங்காளிகளைச் சேர்த்து வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரியவன் சின்னவன் வீட்டுக்குக் குடிபோனால்தான் ராசி நிலைக்கும்.

நேரமும் நன்றாக அமைந்தது. தோமையார் கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்தார் என்பது மரபு. 1952 அதற்கு 1900-வது ஆண்டு. நாடெங்கும் அந்த விழா நடந்த சமயத்தில், அவர் கல்லறை உள்ள ஊரில் இரு தரப்பும் ஒரே தலைமையின்கீழ் வந்தன. 1956-ல் சாந்தோம் கோவிலுக்கு ரோமாபுரி 'பசிலிக்கா' என்ற சிறப்புப் பட்டமும் தந்தது.

தஞ்சாவூருக்கு 1953-ல் ஆர்.ஏ. சுந்தரம் என்ற தமிழர் முதல் பிஷப் ஆனார். 1962-ல் வேளாங்கண்ணியும் பசிலிக்கா ஆயிற்று. பம்பாயிலிருந்து செப்டம்பர் திருநாளுக்கு ஆண்டுதோறும் புறப்படும் கூட்டத்துக்கு இந்தப் பின்னணி தெரிந்திருக்க நியாயமில்லை.

கல்யாண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கி.பி. 6-ம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர், 'கல்லியானா' என்ற ஊரில் ஒரு பிஷப் இருந்ததாக எழுதி வைத்துப் போனார். அது நம் கல்யாண்தான் என்று கருதுவோர் பலர். இன்று கல்யாணில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் லத்தீன் முறையினர். அவர்கள் பம்பாய் உயர் மறைமாவட்டத்தில் அடக்கம். கேரளத்துச் சீரோ-மலபார் முறையினருக்கு 1988-ல் கல்யாணைத் தலைமையாக வைத்துத் தனி மறைமாவட்டம் அமைந்தது. 2025-ல் அது உயர் மறைமாவட்டமாக உயர்ந்தது. ஒரே ஊரில் மறுபடி இரண்டு அதிகாரமா என்று கேட்கலாம். இது வழிபாட்டு முறையை ஒட்டி, ரோமாபுரியின் ஒப்புதலோடு வகுக்கப்பட்டது. யார் யாரிடம் போக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. மாகிமில் நடந்தது போல் கதவை அடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி நாட்கள்

இணைப்புக்குப் பிறகு மத்தியாஸ் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார். இந்தியாவில் கழித்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1962-ல் ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. லத்தீனில் மட்டுமே நடந்துவந்த பூசையை அவரவர் தாய்மொழியில் நடத்தலாம் என்ற கதவைத் திறந்த சங்கம் அதுதான். சாந்தோமிலும் தாராவியிலும் தமிழ்ப் பூசை கேட்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம். 1964 டிசம்பரில் போப்பாண்டவர் ஆறாம் பால் உலக நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் போப்பாண்டவர் அவரே.

சங்கத்தின் கடைசி அமர்வு 1965 செப்டம்பரில் தொடங்க இருந்தது. அதற்கு ஆறு வாரம் முன்னதாக, ஆகஸ்ட் 3-ம் தேதி, இத்தாலியில் லெஞ்ஞானோ என்ற ஊரில் மத்தியாஸ் காலமானார். வயது 78.

அவருக்குப் பின் ஆர். அருளப்பா ஆர்ச்பிஷப் ஆனார். சென்னையின் கத்தோலிக்கத் தலைமையில் ஒரு தமிழர் அமர்ந்தது அப்போதுதான். 2002-ல் தென்பகுதியைப் பிரித்துச் செங்கல்பட்டு மறைமாவட்டம் அமைத்தார்கள். 1996-ல் மதராஸ் நகரம் எல்லா மொழியிலும் சென்னை ஆன பிறகும், ரோமாபுரிப் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. அங்கே அது இன்னும் மதராஸ்-மயிலாப்பூர்.